வாரண்டி அட்டைக்கு முன்னால் ராக்கைப் பாருங்கள்: சிறு இயந்திர விற்பனையாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நான் விற்ற மோட்டார் பம்ப் ஒன்று பதினோராவது மாதத்தில் நின்றுபோனது. வாங்கியவர் பில்லையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தார். அட்டையில் ‘ஓராண்டு வாரண்டி’ என்று முத்திரை குத்தியிருந்தது நான்தான். பிரித்துப் பார்த்தால், சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் போயிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள், ஆனால் என்னிடம் ஒன்றுகூட இல்லை. சப்ளையரைக் கேட்டேன். அவர்கள் வாரண்டி, சரக்கு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து 12 மாதமாம். அது முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டது என்றார்கள். அந்தப் பம்ப் விற்பனைக்கு முன்னால் என் குடோனில் ஐந்து மாதம் கிடந்தது. சீல் வந்துசேர 19 நாள் ஆனது. அந்த 19 நாளும் அவர் வாடகைக்குப் பம்ப் எடுத்து வேலையை ஓட்டினார். வாடகைக்குக் கொடுத்த பணத்தில் அப்படிப்பட்ட சீல் பல வாங்கியிருக்கலாம். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்த இயந்திரத்தை என்னிடம் வாங்கவும் இல்லை.

அதற்குப் பிறகு வாரண்டி எழுதும் வரிசையையே மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் பக்கத்துக் கடைக்காரர் என்ன காலம் கொடுக்கிறாரோ அதைப் பார்த்து அட்டை அச்சடிப்பேன். இப்போது முதலில் உதிரிபாகம் அடுக்கியிருக்கும் ராக்கைப் பார்க்கிறேன். எந்தப் பாகத்தை எத்தனை நாளில் கையில் கொடுக்க முடியும் என்று தெரிந்த பிறகே வாக்குக் கொடுக்கிறேன். பம்ப், டிரில்லிங் மெஷின், கிரைண்டிங் மெஷின், தையல் மெஷின், ஸ்ப்ரேயர், ஏர் கம்ப்ரசர் என்று எதை விற்றாலும், ஓரிரு ஆட்களை வைத்துக்கொண்டு கடை நடத்துகிறவர் இந்த வரிசையில் போகலாம்.

படி 1: இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு மூன்று கூறாக்குங்கள்

விற்கிற ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை ஒருமுறையாவது முழுதாகப் பிரித்துப் பாருங்கள். பாகங்களை மேஜைமேல் மூன்று குவியலாக வையுங்கள்.

முதல் குவியல், ஓட ஓடத் தேய்கிறவை: கார்பன் பிரஷ், பெல்ட், ஃபில்டர், பிளேடு, நாசில், ஆயில் சீல். இவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. இவற்றுக்கு ஓராண்டு வாரண்டி என்று எழுதினால் பொய் சொல்கிறோம். ஒன்றுமே கிடையாது என்று எழுதினால் அநியாயம் செய்கிறோம். பெட்டியைத் திறந்த வாரத்திலேயே பெல்ட் பிரிந்தால் அது தேய்மானம் ஆகாது, பெல்ட்டே சரியில்லை. அதனால் இந்தக் குவியலுக்கு 30 நாள் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு, எந்த நேரத்திலும் காசு கொடுத்தால் கிடைக்கும் என்ற வேறொரு வாக்கு.

இரண்டாவது குவியல், எப்போது வேண்டுமானாலும் போகக்கூடியவை: கெபாசிட்டர், சுவிட்ச், பேரிங், மெக்கானிக்கல் சீல், சர்க்யூட் போர்டு. வாரண்டிச் செலவில் பெரும்பகுதி இங்கேதான் வரும். மூன்றாவது, சரியாகச் செய்திருந்தால் போகவே கூடாதவை: வார்ப்பு பாடி, ஷாஃப்ட், கியர், மோட்டாருக்குள் சுற்றிய கம்பியான வைண்டிங். இவற்றுக்குத் துணிந்து நீண்ட காலம் கொடுக்கலாம். ‘இயந்திரம் முழுவதற்கும் ஓராண்டு’ என்று ஒரே வரியில் முடிப்பதைவிட இந்த மூன்று கால அளவு வாங்குகிறவருக்கும் தெளிவு, நமக்கும் செலவு குறைவு.

பழுதுகள் வரும் நேரத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பொறியாளர்கள் இதைக் குளியல்தொட்டி வளைவு என்பார்கள். தொடக்கத்தில் பழுது அதிகம். தொழிற்சாலையில் விட்டுப்போன குறையெல்லாம் முதல் சில வாரங்களில் வெளியே வந்துவிடும். நடுவில் நெடுங்காலம் குறைவாக, எப்போதாவது ஒன்று. கடைசியில் தேய்மானத்தால் மறுபடி ஏறும். முதல் மாதத்தில் வரும் பழுதுக்கு இயந்திரத்தையே மாற்றித் தருவதும், அதன்பிறகு வரும் பழுதை ரிப்பேர் செய்து தருவதும் நியாயமாவது இதனால்தான்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். பேரிங் செய்கிறவர்கள் சொல்லும் ஆயுளுக்கு எல்-10 என்று பெயர். ஒரே மாதிரியான 100 பேரிங்குகளை ஒரே பளுவில் ஓட்டினால், அந்த நேரத்துக்குள் 10 போயிருக்கும், 90 ஓடிக்கொண்டிருக்கும் என்பதே அதன் பொருள். ஆக, நல்ல பேரிங்கிலும் சில முன்னதாகவே போகும். அதற்கு வாடிக்கையாளரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, சப்ளையரைத் திட்டவும் வேண்டியதில்லை. அதைக் கணக்கில் வைத்துத்தான் விலை போட வேண்டும்.

படி 2: சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள்

போனில் ‘பார்த்துக்கலாம் சார்’ என்று சொன்னதெல்லாம் ஆள் மாறினால் போய்விடும். ஐந்து கேள்விகளை எழுதி அனுப்பி, பதிலை வாங்கி ஃபைலில் வையுங்கள். வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது? பாகம் மட்டுமா, கூலியும் உண்டா? பழைய பாகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமா, போட்டோ போதுமா, போக்குவரத்துச் செலவு யாருடையது? உதிரிபாகம் எத்தனை நாளில் வரும்? மாடலை நிறுத்தினால் எத்தனை ஆண்டு உதிரி தருவீர்கள், எத்தனை மாதம் முன்னால் சொல்வீர்கள்?

முதல் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. இயந்திரத் தொழிலில் ‘சரக்கு அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், அல்லது நிறுவிய நாளிலிருந்து 12 மாதம், இரண்டில் எது முந்தியதோ அது’ என்ற வாசகம் பரவலாக உண்டு. படிக்கும்போது தாராளமாகத் தெரியும். சரக்கு உங்கள் குடோனில் எட்டு மாதம் கிடந்தால், வாங்கியவருக்கு நீங்கள் கொடுத்த 12 மாதத்தில் கடைசி இரண்டு மாதத்துக்கு உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. அந்த இடைவெளியை வாடிக்கையாளர் தலையில் கட்டாதீர்கள். அவருக்கு உங்கள் குடோன் கணக்கு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பழைய சரக்கை முதலில் விற்பது, தேக்கத்தைக் குறைப்பது, முடிந்தால் ‘விற்ற தேதியிலிருந்து’ என்று சப்ளையரிடம் பேசி வாங்குவது என வழிகள் இருக்கின்றன. பத்து இயந்திரம் வாங்குகிறவர் கேட்டாலும் சில சப்ளையர்கள் இறங்கி வருகிறார்கள். கேட்காமல் விட்டால் யாரும் தருவதில்லை.

படி 3: செலவைக் கணக்கிட்டு விலையிலேயே ஒதுக்குங்கள்

நோட்டில் போட்டுப் பார்க்க ஒரு மாதிரிக் கணக்கு. ஆண்டுக்கு 100 பம்ப் விற்கிறீர்கள். 6 பம்ப் வாரண்டியில் ரிப்பேருக்கு வருகின்றன. ஒரு ரிப்பேருக்குப் பாகம், கூலி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து விற்பனை விலையில் 8 சதவீதம் ஆகிறது. மொத்த விற்பனையில் இது 0.48 சதவீதம். இன்னும் ஒரே ஒரு பம்பை மட்டும் முழுதாக மாற்றிக் கொடுக்கிறீர்கள், அதன் அடக்கவிலை விற்பனை விலையில் 80 சதவீதம். அது 0.8 சதவீதம். இரண்டும் சேர்த்து 1.28. விற்பனையில் 1.5 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டுக்கொண்டே வந்தால் போதும்.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றைத்தான். முழு இயந்திரம் ஒன்றை மாற்றிக் கொடுக்கும் செலவில் பத்து ரிப்பேர் செய்துவிடலாம். பாகம் கையில் இல்லாமல், வாடிக்கையாளர் காத்திருந்து சலித்து, கடைசியில் வேறு வழியின்றி முழு இயந்திரத்தையும் மாற்றிக் கொடுத்த ஒவ்வொரு தடவையும் அந்தப் பத்து மடங்கைக் கட்டியிருக்கிறோம். ராக்கில் நாலு சீல் வைப்பது தர்மமாகத் தெரியலாம். லாபக் கணக்கும் அதையேதான் சொல்கிறது.

உங்கள் சொந்த எண்கள் இதைவிடக் கூடலாம், குறையலாம். முதல் ஆண்டில் ஊகித்துப் போடுங்கள், இரண்டாவது ஆண்டில் உங்கள் பதிவேடே சொல்லிவிடும்.

படி 4: அட்டையை எழுதுங்கள்

கேரண்டி என்றால் மாற்றித் தருவது, வாரண்டி என்றால் ரிப்பேர் செய்து தருவது என்று பலரும் நம்புகிறார்கள். இந்தச் சொல் வேறுபாட்டை நம்பி எழுதாதீர்கள். எந்தச் சொல்லைப் போட்டாலும், எதை எத்தனை நாளில் யார் செலவில் செய்வீர்கள் என்று விரித்து எழுதுங்கள். நான் பயன்படுத்தும் வாசகம் ஏறக்குறைய இது:

‘இந்த இயந்திரத்தை உங்களிடம் ஒப்படைத்த நாளிலிருந்து 12 மாதம் வரை, பொருளின் குறையாலோ செய்த குறையாலோ வரும் பழுதை எங்கள் செலவில் சரிசெய்து தருவோம். பாகம், கூலி, சரிசெய்ததைத் திருப்பி அனுப்பும் செலவு மூன்றும் இதில் அடங்கும். முதல் 30 நாளில் இப்படிப் பழுதானால், நீங்கள் விரும்பினால் வேறு இயந்திரம் தருவோம். வார்ப்பு பாடி, ஷாஃப்ட் ஆகியவற்றுக்கு 36 மாதம். பெல்ட், கார்பன் பிரஷ், ஃபில்டர் ஆகியவற்றுக்கு 30 நாள். இயந்திரம் எங்களிடம் வந்த 3 வேலை நாளில் என்ன பழுது என்று சொல்வோம். 10 வேலை நாளில் சரிசெய்து தருவோம். முடியாவிட்டால், தயாராகும் வரை ஓட்டிக்கொள்ள ஓர் இயந்திரம் கொடுப்போம். எங்களிடம் இருக்கும் நாட்கள் வாரண்டிக் காலத்தோடு சேரும். மாற்றிய பாகத்துக்கு 90 நாள் அல்லது மீதி வாரண்டிக் காலம், எது அதிகமோ அது உண்டு.’

எங்கும் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்ற சொல் இல்லை. நிபந்தனை இருந்தால் அதையே எழுதுங்கள். ‘தவறான பயன்பாட்டுக்கு வாரண்டி கிடையாது’ என்ற வரியைத்தான் அதிகம் வெறுக்கிறேன். எது தவறு என்று சொல்லாமல் விட்டுவிட்டு, பழுது வந்த பிறகு நாமே தீர்ப்புச் சொல்கிற வரி அது. அதற்குப் பதில்: ‘தண்ணீர் இல்லாமல் ஓடி சீல் கருகியிருந்தால் வாரண்டியில் வராது’, ‘நேம் பிளேட்டில் உள்ள வோல்டேஜ் அளவுக்கு வெளியே ஓட்டி வைண்டிங் எரிந்திருந்தால் வராது’. ஐந்தாறு விலக்குகளுக்கு மேல் ஓர் இயந்திரத்துக்குத் தேவைப்படாது. ஒவ்வொரு விலக்குக்கும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இதை நான் பாகத்தைக் கையில் வைத்துக் காட்டி நிரூபிக்க முடியுமா? முடியாததை எடுத்துவிடுங்கள்.

தொடக்கத் தேதியைப் பற்றிச் சின்ன விஷயம்: பில் தேதியா, ஒப்படைத்த தேதியா என்று எழுதிவிடுங்கள். பில் போட்டு மூன்று வாரம் கழித்து லாரியில் போகும் இயந்திரத்துக்கு இது முக்கியம்.

படி 5: வெளி மெக்கானிக்கையும் வெளிப் பாகத்தையும் காரணம் காட்டாதீர்கள்

‘வேறு யாராவது திறந்தால் வாரண்டி ரத்து’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவது தொழிலில் பழக்கமாகிவிட்டது. கார்பன் பிரஷ் மாற்ற மூடியைத் திறந்தே ஆக வேண்டும். அதற்கு 100 கிலோமீட்டர் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வா என்பது என்ன நியாயம்?

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. குறிப்பிட்ட பெயருள்ள பாகத்தையோ சேவையையோ வாங்கினால்தான் வாரண்டி என்று நுகர்வோரைக் கட்டிப்போட முடியாது. அதை இலவசமாகக் கொடுத்தால், அல்லது அரசு அமைப்பிடம் தனி விலக்கு வாங்கினால் தவிர. வெளிப் பாகத்தால்தான் பழுது வந்தது என்றால் விற்பவர் அந்தப் பழுதை மறுக்கலாம். அந்தச் சட்டம் எட்டாத இடத்தில் விற்றாலும் இந்த அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். வெளியே வாங்கிப் போட்ட பெல்ட்டுக்கும் எரிந்துபோன சுவிட்சுக்கும் தொடர்பு இல்லையென்றால் சுவிட்சை மாற்றிக் கொடுங்கள்.

படி 6: ஒப்படைக்கும் நாளில் கால் மணி நேரம்

பெட்டியைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். சீரியல் நம்பர் தெரியும்படி நேம் பிளேட்டை ஒரு போட்டோ, பில்லோடு ஒரு போட்டோ. பாதி வாரண்டிச் சிக்கல் பில் தொலைந்ததால் வருகிறது. உங்கள் பதிவேட்டில் சீரியல் நம்பர் இருந்தால் பில்லே கேட்க வேண்டாம். எந்த இடத்தில், எத்தனை மணி நேரம், எதற்காக ஓட்டப் போகிறார் என்று கேட்டு எழுதுங்கள். ஒருநாளில் இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய இயந்திரத்தைப் பத்து மணி நேரம் ஓட்டப் போகிறவரிடம், இது உங்களுக்குத் தாங்காது, பெரியதை எடுங்கள் என்று சொல்வதுதான் முதல் வாரண்டிச் சேவை. அவர் கேட்காவிட்டால் சொன்னதை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

படி 7: பழுதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நியாயம் கிடைக்கும் இடமும் தவறும் இடமும் இதுதான். இயந்திரம் மேஜைக்கு வந்ததும் முதலில் வாடிக்கையாளர் சொல்வதை அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள்: ‘ஹம் என்று சத்தம் வருது, சுத்த மாட்டேங்குது’. உங்கள் முடிவை அதன்மேல் எழுதாதீர்கள். பிறகு பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள்.

சுத்தாமல் ஹம் அடிக்கும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் முதலில் கெபாசிட்டரைப் பாருங்கள். தலை உப்பியிருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா, மைக்ரோஃபேரட் மீட்டரில் எழுதியிருக்கிற அளவைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். கையால் லேசாகத் தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் அநேகமாக அதுதான். ஆனால் அப்படித் தள்ளிப் பார்க்கச் சொல்லி யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள், விரல் போய்விடும். கெபாசிட்டர் போவதற்கு ஓட்டியவர் காரணம் என்று சொல்ல எனக்கு இதுவரை நல்ல காரணம் கிடைத்ததில்லை. மாற்றிக் கொடுங்கள்.

வைண்டிங் எரிந்திருந்தால் காயில், அதாவது கம்பிச் சுருள், தானே பேசும். எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கருத்திருந்தால் மோட்டார் தாங்காத பளுவில் ஓடியிருக்கிறது, அல்லது காற்று போகாமல் சூடேறியிருக்கிறது. மூன்று ஃபேஸ் மோட்டாரில் காயில்களை ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதமாக இணைப்பார்கள். ஸ்டார் இணைப்பென்றால், இரண்டு ஃபேஸின் காயில்கள் கருகி ஒன்று மட்டும் புதிதுபோல இருக்கும். டெல்டா என்றால் ஒன்று கருகி இரண்டு பிழைத்திருக்கும். இரண்டுமே ஒரு ஃபேஸ் விட்டுப்போய் ஓடியதன் அடையாளம், அதற்குக் காரணம் பெரும்பாலும் மோட்டாருக்கு வெளியே இருக்கும். ஆனால் மற்றக் காயிலெல்லாம் பளபளவென்று இருக்க, ஒரே ஓர் இடத்தில் மட்டும் கருகிய புள்ளி இருந்தால் இன்சுலேஷன் அங்கே விட்டுக்கொடுத்திருக்கிறது. சுற்றும்போது கம்பியின் பூச்சு உரசியிருக்கலாம். இப்படி வந்தால் வாரண்டியில் ஏற்றுக்கொள்கிறேன்.

மெக்கானிக்கல் சீலை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். உரசும் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு மயிரிழை வெடிப்புகள் ஓடி, ரப்பர் இறுகிப் பொரபொரத்துப் போயிருந்தால் தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் நேராக இல்லையா என்று பாருங்கள். அது நம் பக்கத்துக் குறையாகவும் இருக்கலாம். பேரிங் நீலம் பாய்ந்திருந்தால் சூடு, கிரீஸ் தீர்ந்திருக்கிறது. துருப்பிடித்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது ‘தண்ணீர் விட்டீர்களா’ என்று கேட்பதற்கு முன்னால் நம் ஆயில் சீல் ஒழுகியதா என்று பாருங்கள்.

முடிவு சொல்லும்போது பாகத்தையே எதிரில் வைத்துச் சொல்லுங்கள். ‘அண்ணே, இந்த வெடிப்பைப் பாருங்க, புது சீல் இதோ பக்கத்துல இருக்கு.’ பார்த்தவுடன் பலர் தாமே ‘அன்னைக்கு டேங்க் காலியா இருந்துச்சு’ என்று சொல்லியிருக்கிறார்கள். வர முடியாதவருக்குப் போட்டோவோடு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, பழைய பாகத்தையும் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் வேறு யாரிடமாவது காட்டிக் கேட்க அதுதான் வழி.

நம் குறை, அவர் குறை இரண்டுக்கும் நடுவில் வருகிறவை எப்போதும் இருக்கும். எனக்கு நான் வைத்துக்கொண்ட விதி: நிரூபிக்க முடியாத சந்தேகம் வாடிக்கையாளர் பக்கம் போகும். அவர் பக்கம் தவறு கொஞ்சம் இருக்கிறது, நாம் சொல்லிக்கொடுக்காததும் கொஞ்சம் இருக்கிறது என்றால் பாகத்தின் அடக்கவிலை அவருடையது, கூலி என்னுடையது.

படி 8: ரிப்பேர், மாற்று, பணம் திருப்பம்

இந்த மூன்றுக்கும் எல்லையை முன்கூட்டியே வகுத்துவிடுங்கள், ஆளைப் பார்த்து மாற்றாதீர்கள். முதல் 30 நாளில் மாற்று இயந்திரம். அதன்பிறகு ரிப்பேர். ஒரே பழுது சரிசெய்த பிறகும் திரும்பி வந்தால் இன்னொரு முறை ரிப்பேர் என்று இழுக்காமல் மாற்று. மாற்றும் கெட்டால், அல்லது மாற்றுத் தர முடியாவிட்டால் பணம். குரலை உயர்த்துகிறவருக்குப் புது இயந்திரம், அமைதியாக நிற்பவருக்கு ரிப்பேர் என்று நடந்தால் அது கொள்கையே ஆகாது.

ஓட்டிக்கொள்ளக் கொடுக்கும் இயந்திரம் ஒன்றாவது கடையில் இருக்கட்டும். புதிதாக இருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்ததைச் சரிசெய்து வைத்தால் போதும். இயந்திரத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவருக்கு நின்றுபோன ஒவ்வொரு நாளும் கூலி போன நாள்.

படி 9: ராக்

எத்தனை வைப்பது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. நீங்கள் விற்று ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் 300. ஆண்டுக்கு 100-க்கு 4 கெபாசிட்டர் போகிறது என்றால் ஆண்டுக்கு 12, மாதத்துக்கு 1. சப்ளையரிடமிருந்து வர இரண்டு மாதம் ஆகும் என்றால் அந்த இடைவெளியில் சராசரியாக 2 தேவை. ஆனால் 2 மட்டும் வைத்தால் அடிக்கடி கைவிரிக்க நேரும். 4 வைத்திருக்கும்போது ஆர்டர் போட்டால், 20 தடவையில் 19 தடவை போதும். மாதம் ஒன்று போகும் பாகத்துக்கே இவ்வளவுதான் வேண்டும் என்றால், முதலீடு நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

வாங்கும்போதே உதிரி கிடைக்கும் இயந்திரமாகப் பார்த்து எடுங்கள். உள்ளே 6204 பேரிங் போட்டிருந்தால், அது 20 மில்லிமீட்டர் உள்விட்டம், 47 வெளிவிட்டம், 14 அகலம் என்று உலகம் முழுவதும் ஒரே அளவு. எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். மேல்பக்கம் 13 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ வகை வி-பெல்ட்டும் அப்படித்தான். யாரும் கேள்விப்படாத அளவில் பேரிங் போட்ட இயந்திரம் எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் எடுப்பதில்லை. இந்தப் பொது அளவுகளை மறைக்காமல் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள். அந்த பேரிங் விற்பனை உங்களை விட்டுப் போகலாம், ஆனால் வெளியூரில் நின்றுபோன இயந்திரம் அன்றே ஓடும்.

பாகங்களின் விலைப்பட்டியலை இயந்திரம் வாங்கும்போதே கேட்பவருக்குக் காட்டுங்கள். இயந்திரத்தைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு உதிரியில் பிடுங்குவது வாங்குகிறவரைப் பொறியில் சிக்கவைப்பது. பாகமும் கூலியும் சேர்ந்து புது இயந்திர விலையில் பாதியைத் தாண்டுமானால், ஸ்க்ரூவைக் கழற்றுமுன் சொல்லிவிடுங்கள்.

ரப்பர் பொருட்களை வெயில் படாமல், மோட்டார் ஓடும் இடத்துக்குத் தள்ளி, இழுபடாமல் வையுங்கள். மோட்டாரின் தீப்பொறியால் உண்டாகும் ஓசோன் வாயு ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். எலக்ட்ரோலைடிக் கெபாசிட்டருக்குச் சூடு ஆகாது, 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. வந்த தேதியை ஒவ்வொரு பொட்டலத்திலும் எழுதிப் பழையதை முதலில் எடுங்கள்.

எத்தனை ஆண்டு உதிரி தருவோம் என்று அட்டையில் எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் வீட்டு வாஷிங் மெஷின்களுக்குக் குறிப்பிட்ட உதிரிகள், அந்த மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்தபின் 10 ஆண்டு கிடைக்க வேண்டும், ஆர்டர் போட்ட 15 வேலை நாளில் வந்துசேர வேண்டும் என்பது விதி. அதைத் தயாரிப்பாளர்மீது போட்டிருக்கிறார்கள். சிறு விற்பனையாளரால் 10 ஆண்டு முடியாது. நான் விற்ற நாளிலிருந்து 5 ஆண்டு என்று எழுதுகிறேன், அதைக் காப்பாற்ற முடிகிறது.

படி 10: சட்டத்தோடு ஒப்பிடுங்கள்

உங்கள் அட்டை சட்டம் தரும் உரிமைக்குமேல் கூட்டலாம், கீழே குறைக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்வோருக்கு விற்கும் புதுப் பொருளுக்கு விற்பவரின் சட்டப்பொறுப்பு குறைந்தது 2 ஆண்டு. முதல் ஓராண்டில் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். ஆஸ்திரேலியாவில் ரிப்பேர் வசதியும் உதிரியும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காது என்றால் வாங்குமுன்னே சொல்லியிருக்க வேண்டும். இந்தியாவில் 2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரிப்பாளர் கொடுத்ததைத் தாண்டி விற்பவர் தனியாக வாரண்டி கொடுத்து, பொருள் அதன்படி இல்லாமல் தீங்கு நேர்ந்தால் விற்பவரே பொறுப்பு. வணிக நோக்கில் வாங்கியவர் அங்கே நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே வாங்கியவர் நுகர்வோர்தான். நம்மிடம் சிறு இயந்திரம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள். அட்டையை அச்சுக்கு அனுப்புமுன் உங்கள் இடத்துச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

படி 11: பதிவேடு, பிறகு மாடல் நிற்கும் நாள்

வந்த ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு வரி: சீரியல் நம்பர், விற்ற தேதி, வந்த தேதி, போன பாகம், காரணம், செலவு, எத்தனை நாளில் கொடுத்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். அடுத்தடுத்த சீரியல் நம்பர்களில் ஒரே சுவிட்ச் போயிருந்தால் அந்தத் தொகுதியே குறை. மீதிப் பேரைப் பழுது வரும்வரை காத்திருக்க விடாமல் நீங்களே கூப்பிட்டு மாற்றிக் கொடுங்கள். சப்ளையரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி ஈடு கேளுங்கள். தீப்பொறி, ஷாக் என்று ஒரே ஒரு தகவல் வந்தாலும் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது, அன்றே விற்பனையை நிறுத்திப் பாருங்கள்.

ஒரு மாடல் நின்றுபோகிறது என்று சப்ளையர் சொன்னதும் பதிவேட்டை எடுத்து, இன்னும் எத்தனை ஓடுகின்றன, ஆண்டுக்கு எந்தப் பாகம் எத்தனை போகிறது என்று பார்த்து, வாக்குக் கொடுத்த கடைசி ஆண்டு வரைக்கும் வேண்டியதை ஒரே ஆர்டரில் வாங்கிவிடுங்கள். கெபாசிட்டர், ரப்பர் மாதிரி கிடந்தாலே வீணாகிறவற்றை மட்டும் மொத்தமாக வாங்காமல், அதே அளவில் வெளியே எது கிடைக்கும் என்று இப்போதே ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்த்துக் குறித்து வையுங்கள். அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கு எந்த ஆண்டு வரை எந்தப் பாகம் கிடைக்கும் என்று ஒரு தகவல் அனுப்புங்கள். கடைசி இயந்திரம் ஒன்றை விற்காமல் நிறுத்தி, ‘உதிரிக்கு மட்டும்’ என்று எழுதிய அட்டையை அதன் கழுத்தில் கட்டி ராக்கின் அடித்தட்டில் வைத்துவிடுங்கள். என் கடையில் அப்படி நிற்கும் ஸ்ப்ரேயர் ஒன்றில் இப்போது ஃபிரேமும் டேங்க்கும் மட்டும்தான் மீதி. பாக்கிப் பாகமெல்லாம் வேறு வேறு இடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.